தீவுக்குக் கடல் தேவையில்லை

நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்தால் தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ரோடு போகாத ஊரும் தீவுதான் என்பேன் நான்.

நான் குடியிருப்பது ரமணாசிரமம் பகுதி. காய்ச்சல், தலைவலி என்றால் ஆசிரமத்து இலவச மருந்தகம் நடக்கிற தூரம். பெரிய நோய் என்றால் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடலாம். ஆனால் இதே மாவட்டத்து ஜவ்வாது மலையின் குக்கிராமங்களில் அப்படி முடியுமா?

'அதான் காப்பீடு இருக்கே' என்பீர்கள். உண்மைதான். 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கார்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும்.

2023 மே மாதம், பக்கத்து வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை வசதி இல்லாததால் ஆஸ்பத்திரி சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. உடலையும் தாய் சுமந்துகொண்டுதான் மலையேறினார். எத்தனை லட்சம் காப்பீடு இருந்து என்ன பிரயோஜனம்?

கார்டு கொடுக்கிற கையோடு ரோடும் போடவேண்டும் என்பதே என் கருத்து. அந்த ரோட்டுக்கும் கல்வெர்ட்டுக்கும் எஸ்டிமேட் போடப்போவது நம்ம சிவில்காரர்கள். ஆம்புலன்ஸை ஓட வைப்பது மெக்கானிக்கல். தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் நிற்காமல் பார்ப்பது எலக்ட்ரிக்கல். நாளைக்கு மலைக்குப் போஸ்டிங் வந்தால், 'பனிஷ்மென்ட்' என்று முகம் சுளிக்காமல் போவோமா?