நம்ம வீட்டுத் தரவு நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்!

திருவாலங்காடு உறவுகளே,

வாசலில் கேமரா, ஹாலில் ஸ்மார்ட் டிவி. நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள்ள நுழையுற காட்சிகூட எங்கேயோ இருக்கிற கம்பெனி சர்வரில் போய்ச் சேரலாம்.

அந்தக் கம்பெனி சேவையை நிறுத்திட்டா? 2016-ல் கூகுள் குழுமத்தின் நெஸ்ட், 'ரிவால்வ்' சேவையை நிறுத்தியது. மக்கள் காசு கொடுத்து வாங்கிய கருவி வெறும் டப்பா ஆனது.

மாற்று இருக்கு. 2010-ல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எபென் மோக்லன் முன்வைத்த யோசனையில் பிறந்தது 'ஃப்ரீடம்பாக்ஸ்'. கையடக்கக் கணினி, கட்டற்ற மென்பொருள்; படமும் கோப்பும் உங்க வீட்டிலேயே இருக்கும். தெலங்கானா கிராமங்களில் 'ஸ்வேச்சா' தன்னார்வலர்கள் இதை நிறுவிக் காட்டினார்கள். நம்மால் முடியாதா?

கரண்ட் போனா நின்னுடும், பேக்கப் நாமதான் எடுக்கணும். உண்மைதான். அதனால்தான் கேட்கிறோம்: நம் மாவட்ட ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வீட்டு சர்வர் செயலி உருவாக்கவும் பராமரிக்கவும் அரசு பயிற்சி தரவேண்டும். திரையில் தமிழ் இருக்கணும். அந்த வேலை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கே கிடைக்கணும்.

2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. சட்டம் மட்டும் போதாது. வீட்டுச் சாவி நம்ம கையில்தான் இருக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?

#நம்தரவு_நம்உரிமை