கோட்டுக்கு எந்தப் பக்கம்?

சாயங்காலம் டியூஷன் எடுத்து, பஸ் செலவையும் ரீசார்ஜையும் சமாளிக்கிற ஆளா நீங்க? அப்படின்னா இந்த வாரம் உங்களுக்குத்தான்.

அசமன்பாட்டுக்கு கிராஃப் போடச் சொன்னா, ஸ்கேல் வெச்சு அழகா கோடு போட்டுட்டு, 'எந்தப் பக்கம் ஷேட் பண்ணணும்ணா?'ன்னு உங்க எட்டாங்கிளாஸ் வாண்டு பேந்தப் பேந்த முழிக்குதா? திட்டாதீங்க. ராஜபாளையத்துல பஸ் ஏத்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போங்க. நிஜமா இல்லை பாஸ், கணக்குல!

2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா ஊராச்சே! ஒரு கடையில 12 லிட்டர் பால். ஒரு கிலோ பால்கோவாவுக்கு 3 லிட்டர், ஒரு லிட்டர் தயிருக்கு 1 லிட்டர்னு வெச்சுக்குவோம். (சும்மா கணக்குக்குத்தான். கடைக்காரங்க சண்டைக்கு வராதீங்க!) பால்கோவா 'ப' கிலோ, தயிர் 'த' லிட்டர்னா, 3ப + த ≤ 12.

இப்ப வாண்டுகிட்ட கேளுங்க. 2 கிலோ பால்கோவா, 5 லிட்டர் தயிர் முடியுமா? 11 லிட்டர்தான் ஆகும், முடியும். 3 கிலோ, 4 லிட்டர்? 13 ஆயிடும், பால் பத்தாது. 3 கிலோ, 3 லிட்டர்? சொட்டு மிச்சமில்லாம சரியா 12! இப்படிப் பால் பூரா தீர்ற இடங்கள்தான் அந்தக் கோடு. முடியுற பக்கத்தை ஷேட் பண்ணு, முடியாத பக்கத்தை விடு. அவ்வளவுதான் மேட்டர். கோட்டு மேல இருக்கிறதும் செல்லும்னா முழுக்கோடு. '12-க்குள்ள, ஆனா 12 கூடாது'ன்னா புள்ளிக்கோடு.

ஒரு உஷார்! '≤ வந்தா கீழ, ≥ வந்தா மேல'ன்னு மனப்பாடம் பண்ண வெச்சுடாதீங்க. 'தயிரைவிட பால்கோவா 2-க்கு மேல கூடாது'ன்னா ப − த ≤ 2. தயிரை மேல்நோக்கிக் குறிச்சா, ஷேட் வர்றது கோட்டுக்கு மேல! மைனஸால பெருக்கினா குறி திரும்பிடும் இல்லையா? 2 < 5, ஆனா −2 > −5. அதனால சுலப வழி, (0, 0)-வைப் போட்டுப் பாக்குறது. சரியா வந்தா அது இருக்கிற பக்கம், இல்லேன்னா எதிர்ப் பக்கம். கோடே (0, 0) வழியா போனா வேற புள்ளி எடுங்க.

இதெல்லாம் எதுக்குண்ணா? இதோ... அடுப்புல 3 கிலோவுக்கு மேல கிண்ட முடியாதுன்னு இன்னொரு கோடு போடுங்க. கிலோவுக்கு 50 ரூபா, தயிருக்கு 10 ரூபா லாபம். வெறும் தயிர்னா 120. வெறும் பால்கோவான்னா 150. ரெண்டு கோடும் சந்திக்கிற (3, 3) மூலையில 180! லாபம் மூலையில உக்காந்திருக்கு. ப்ளைவுட் தொழிற்சாலைக் கணக்குல ஆரம்பிச்சு 1939-ல் ரஷ்யாவின் கான்டரோவிச் எழுதினது இந்த வகைக் கணக்குதான். 1975-ல் பொருளாதார நோபல் அவருக்கும் கிடைச்சது. மூலை மூலையா தேடுற வழியை 1947-ல் டான்ட்சிக் கொடுத்தார். மூலைகளைச் சுத்தாம உள்ளுக்குள்ளயே புகுந்து போற வேகமான வழியை 1984-ல் சொன்னவர் நம்ம நரேந்திர கர்மார்க்கர்.

'எந்தப் பக்கம்ணா?'ன்னு கேக்குற வாண்டுக்கு நீங்க பதிலைச் சொல்லிட்டா, அந்த ஒரு கணக்குதான் முடியும். ஒரு புள்ளியைப் போட்டு அவனையே பாக்க வெச்சீங்கன்னா, அடுத்த கணக்குக்கு உங்களைத் தேடவே மாட்டான். டியூஷன் ஃபீஸ் போகுமேன்னு பயமா? பால்கோவா டப்பாவோட தம்பியையும் சேத்துக் கூட்டிட்டு வருவான்... கவலைப்படாதீங்க!