முதலில் பாய், பிறகு பை

சந்நிதி முருகனிட்ட இருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோற எங்கட ஆக்களுக்கு ஒரு சாரமும் போர்வையும் காணும். அதே நினைப்போட தை மாதம் ஹோட்டன் சமவெளியில கூடாரம் அடிக்கேலாது. அது 2,100 மீற்றருக்கு மேல. தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி படியும்.

காசு முழுவதையும் தடித்த சிலீப்பிங் பாக்கில் கொட்டுறது பிழை எண்டுதான் சொல்லுவன். படுத்தால் உடம்புப் பாரம் அடிப்பக்கத்துப் பஞ்சை நசுக்கிவிடும். சூட்டைப் பிடித்துவைக்கிற காற்று அதில் மிஞ்சாது. குளிர் நிலத்தில இருந்து ஏறும். ஆகவே முதலில் நல்ல ஃபோம் பாய் வாங்குங்கோ. பருத்தி உடுப்பு நனைந்தால் லேசில காயாது. இரவுக்கெண்டு கம்பளி உடுப்பு ஒரு சோடி தனியாக வையுங்கோ.

பாய் இல்லாமல் நடுங்கிறவன்தான் கூடாரத்துக்குள்ள அடுப்பு மூட்டுவான். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை; நித்திரையிலயே உயிர் போகும்.