எதற்காகப் போகிறீர்கள்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திருவொற்றியூரில் வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டுத் தேரடியில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். "அக்கா! நில்லுங்க அக்கா!" என்று ஒரு குரல். திரும்பினால், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் பெண். காசிமேட்டில் விடியற்காலையில் ஏலம் எடுத்து, எட்டு மணிக்குள் வீடு வீடாக விற்று முடித்துவிடுவாள். வயது இருபத்தாறு இருக்கலாம். கைப்பையைத் திறந்து, மஞ்சள் தடவிய ஒரு புத்தம் புதுப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள்.

"மலேசியாவுக்குப் போறேன் அக்கா. கோலாலம்பூர்ல ஒரு வீட்ல சமையல் வேலை. விசாவே வேணாமாம்! ஏறி உக்காந்தாப் போதுமாம்!"

"விசா இல்லாமல் வேலைக்கா போகிறாய்?"

"அங்கே ஆபீஸர் கேட்டா, பத்துமலை முருகனைப் பார்க்க வந்தேன்னு சொல்லச் சொன்னாரு ஏஜெண்டு."

முருகனையே பொய்ச் சாட்சிக்கு இழுத்துவிட்ட அந்த ஏஜெண்டை நினைத்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் வயிற்றில் புளியைக் கரைத்தது.

'நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாம் வேலைக்கா போகிறோம்?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், சகோதரிகளே! மகளின் பிரசவத்துக்கு நீங்கள் போகலாம், தைப்பூசத்துக்குப் போகலாம், சும்மா நாலு ஊர் பார்த்து வரவும் போகலாம். யாராக இருந்தாலும் அங்கே குடிநுழைவு அதிகாரியின் முன் நிற்க வேண்டும். அவர் கேட்கிற முதல் கேள்வி, "எதற்காக வந்தீர்கள்?" என்பதுதான்.

இந்தக் கேள்வி நம் வடசென்னைக்குப் புதிதல்ல. ராயபுரத்துப் பெரியவர்களிடம் 'ராஜுலா' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தைத் தொட்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். ஏறத்தாழ ஒரு வாரப் பிரயாணம். டெக்கில் பாயை விரித்துக்கொண்டு, ஊறுகாய் ஜாடியும் டிரங்குப் பெட்டியுமாக எத்தனையோ குடும்பங்கள் அதில் போயின. 1973-ல் ராஜுலாவைக் கப்பல் கார்ப்பொரேஷனுக்கு விற்றார்கள். அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985-ல் அதில் தீ விபத்து நேர்ந்தது. அத்தோடு அந்தக் கடல் வழியும் மூடிற்று.

அந்த நாளில் கட்டுப்பாடே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அம்மை குத்திய சர்ட்டிபிகேட் வேண்டும். டெக் பிரயாணிகளைப் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று சில நாள் காவலில் வைத்துப் பார்த்த காலமும் உண்டு. 1953-ல் மலாயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் அமுலுக்கு வந்த பிறகு, புதிதாகப் பிழைக்கப் போவது மிகவும் கடினமாயிற்று.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. மனைவியும் குழந்தைகளும் அப்போது கணவரின் பாஸ்போர்ட்டிலேயே சேர்ந்து போகலாம். அதிகாரி அவரைக் கேட்பார். அவர் பதில் சொல்வார். நம் பாட்டி பின்னால் நின்று குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பாள்!

இன்று அப்படியல்ல. கைக்குழந்தைக்குக்கூடத் தனிப் பாஸ்போர்ட். மனைவி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கையெழுத்து நம்முடையது என்றால், பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தானே? ஆகவே நம் தஸ்தாவேஜில் என்ன எழுதியிருக்கிறது என்று நாமே படித்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

மலேசியாவையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பிரயாணிகளுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று அந்நாடு சலுகை கொடுத்தது. 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்தது. சலுகை என்பது தேதி போட்டுக் கொடுப்பது. டிக்கெட் எடுக்கும் முன், அன்றைய நிலவரம் என்ன என்று பார்த்துவிடுங்கள்.

விசா வேண்டாம் என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று அர்த்தமல்ல. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வருவதற்கு டிக்கெட், தங்கும் இடத்தின் விலாசம், செலவுக்குப் போதிய பணம் இவற்றைக் கேட்டால் காட்ட வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் 'வருகை அட்டை' என்ற ஒன்றைக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ நிரப்ப வேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால், தவறான கதவைத் தட்டிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு ஜாக்கிரதை. ராஜுலா காலத்தில் பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே பிரயாணத்தில் வருகிற இரண்டு துறைமுகங்கள். 1965-லிருந்து அவை இரண்டு தனி நாடுகள். "கோலாலம்பூர் வரை வந்துவிட்டோம், ஜோகூர் பாலத்தைத் தாண்டித் தம்பி வீட்டையும் பார்த்துவிட்டு வரலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள். சிங்கப்பூருக்கு நாம் முன்னதாகவே தனி விசா வாங்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், உள்ளே விடுவதும் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவதும் அந்த அதிகாரியின் அதிகாரம். விசாவும் சலுகையும் வாசல் வரை வர அநுமதி, அவ்வளவுதான். உள்ளே போன பிறகும், சொன்ன காரியத்துக்குத்தான் தங்கலாம். சுற்றிப் பார்க்க என்று போனவர் சம்பளத்துக்கு வேலை செய்தால் குற்றம். நாள் கடந்து தங்கினாலும் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

இதையெல்லாம் ஓரளவு எடுத்துச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். உள்ளே 'இ.சி.ஆர்.' என்று மூன்று எழுத்துக்கள். நமக்கெல்லாம் இ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகிற ரோடுதான் ஞாபகம் வரும்! இது வேறு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியா, குவைத், சவூதி அரேபியா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற இந்திய அரசு அதிகாரியின் அநுமதி பெற வேண்டும் என்பதன் அடையாளம். 1983-ல் வந்த சட்டம் அது. இவளைப் போன்ற 30 வயது நிரம்பாத பெண்ணுக்கு அங்கே வீட்டு வேலைக்குப் போக அநுமதி தருவதில்லை. வயது வந்தவரும், அரசு அங்கீகரித்த நிறுவனத்தின் வழியாகவே போக வேண்டும். தமிழ்நாடு அரசுக்கென்று கிண்டியில் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. வேலை கொடுப்பவரும் மலேசியக் குடிநுழைவுத் துறையில் முன்கூட்டியே அநுமதி பெற்றிருக்க வேண்டும்.

ஏஜெண்டின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது, பார்த்தீர்களா? ஊர் பார்க்கப் போகிறவருக்கு இந்த அநுமதி தேவையில்லை. ஆகவே, 'முருகனைப் பார்க்கப் போகிறேன்' என்ற ஒரே வார்த்தையில் நம் ஊர் அதிகாரியையும் தாண்டலாம், அந்த ஊர் அதிகாரியையும் தாண்டலாம். ஆனால் அந்த வார்த்தையோடு எழுத்து மூலமான ஒப்பந்தமும் போயிற்று, இன்ஷூரன்ஸும் போயிற்று. நாளைக்கு அந்த வீட்டில் சம்பளம் கொடுக்கவில்லை, அடித்தார்கள் என்றால் எங்கே போய்ச் சொல்வாள்? புகார் கொடுத்தால் முதலில் தன் குற்றத்தை அல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்? கூட்டிப் போனவன் தைரியமெல்லாம் இதுதான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "சங்கிலியை அடகு வெச்சு முன்பணம் குடுத்துட்டேனே அக்கா" என்றாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பணம் போனாலும் பரவாயில்லை என்று சொல்ல நான் யார்? அது என் பணமல்ல. "வேலைக்கான அநுமதிச் சீட்டும் ஒப்பந்தமும் கையில் கொடுத்தால்தான் புறப்படுவேன் என்று கேட்டுப் பார். பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதே. எந்த ஊரிலும் அது உன் கையில்தான் இருக்க வேண்டும்" என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை, வழக்கம்போல் கூடையோடு வந்தாள். ஒப்பந்தம் கேட்டதும் ஏஜெண்டு முதலில் சிரித்தாராம், அப்புறம் கோபித்தாராம், அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாராம். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. முன்பணத்துக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்திருக்கிறாள்.

"பாஸ்போர்ட்?" என்றேன்.

"பத்திரமா இருக்கு. பத்து வருசம் செல்லுமாமே! ஒரு நாள் நெசமாவே பத்துமலை முருகனைப் பார்க்கப் போறேன் அக்கா. அப்போ அந்த ஆபீஸர் எத்தினி தபா கேட்டாலும் ஒரே பதில்தான்" என்று சொல்லிவிட்டு, எனக்காக எடுத்து வைத்திருந்த சங்கராவை நிறுக்க ஆரம்பித்தாள்.

நீங்களும் பெட்டி கட்டும் முன், அந்தக் கேள்வியை உங்களையே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பதிலைத் தயங்காமல் உள்ளபடி சொல்ல முடிகிறதா? நல்லது, சுகமாகப் போய் வாருங்கள். வேறு யாராவது சொல்லிக் கொடுத்த பதில்தான் வாயில் வருகிறதா? அந்தப் பிரயாணம் வேண்டாம், சகோதரி.