குறை சொல்ல ஊரே இருக்கிறது, கூட நிற்க யார்?

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வருகிறது. நான்கு பாடத்தில் 90-க்கு மேல். கணக்கில் மட்டும் 52. அடுத்த ஒரு மாதத்துக்கு வீட்டில், தெருவில், கல்யாணப் பந்தியில் எல்லாம் அந்த 52 பற்றித்தான் பேச்சு. "கணக்குல ஏம்ப்பா இப்படிக் கோட்டை விட்டே?" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பையன் எந்த வகுப்பு படிக்கிறான் என்பதே பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்திருக்கும். மற்ற நான்கு பாடம் என்ன ஆயிற்று? அவன் கபடி டீமில் இருக்கிறானே, தம்பியைத் தினமும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறானே? அதற்கெல்லாம் மார்க் ஷீட்டில் கட்டம் இல்லை.

நம்மூரில் பிள்ளை வளர்ப்பு என்றால் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பது. கணக்கு வரவில்லையா, டியூஷன். இங்கிலீஷ் வரவில்லையா, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். கூச்ச சுபாவமா, பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கேம்ப் (பத்து நாள், மதியச் சாப்பாட்டுடன்). இதில் தப்பொன்றும் இல்லை. கணக்கு வராதவனுக்குக் கணக்கு சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை பின்னாளில் தன் காலில் நிற்பதற்கு எது காரணம் என்று பொறுமையாகத் தேடிப் பார்த்தவர்கள் கண்டெடுத்தது வேறு.

அப்படித் தேடியவர்களில் எம்மி வெர்னரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்கு நடுவே சிறுமியாக வளர்ந்து, பிறகு அமெரிக்காவில் உளவியல் பேராசிரியை ஆனவர். 2017-இல் காலமானார். ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ஆம் வருஷம் பிறந்த 698 குழந்தைகளை அவரும் ரூத் ஸ்மித்தும் இன்னும் சிலரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு வயது, இரண்டு, பத்து, பதினெட்டு, முப்பத்திரண்டு, நாற்பது என்று திரும்பத் திரும்பத் தேடிப் போய்ப் பேசினார்கள். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு அது. நிறையக் குழந்தைகள் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 201 பேர், பிறக்கும்போதே கஷ்டத்தில் பிறந்தவர்கள். வறுமை, பிரசவத்தில் சிக்கல், ஓயாத சண்டை, குடிகாரத் தகப்பன், மனநோயால் அவதிப்படும் தாய். இதில் ஒன்றிரண்டு இல்லை, நான்கோ அதற்கு மேலோ ஒரே வீட்டில். இவர்கள் உருப்பட மாட்டார்கள் என்று ஊர் சொல்லும் இல்லையா? மூன்றில் இரண்டு பங்கு விஷயத்தில் ஊர் சொன்னது நடந்தது. படிப்பில் தடுமாறினார்கள், சிலர் போலீஸ் வரை போனார்கள், சில பெண்கள் சின்ன வயதிலேயே கர்ப்பமானார்கள். ஆனால் 72 பேர் நன்றாக வளர்ந்துவிட்டார்கள். நாற்பது வயதில் போய்ப் பார்த்தபோது அந்த 72 பேரில் ஒருவர்கூட வேலை இல்லாமல் இல்லை, ஒருவரும் சட்டத்தின் பிடியில் சிக்கியிருக்கவில்லை.

எப்படி? அவர்கள் மேதைகள் கிடையாது. வெர்னர் அழுத்திச் சொல்வதே அதைத்தான். கையில் இருந்த கொஞ்சத் திறமையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள். ஏதோ ஒரு விஷயத்தில், ஒரு பொழுதுபோக்கிலாவது, "இது எனக்கு வரும்" என்ற பெருமை இருந்தது. பல வீடுகளில் இவர்களை நம்பி ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது மாதிரி. (குழந்தைத் தொழிலாளர் முறைக்கு வக்காலத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னால் நாலு பேருக்கு உபயோகம் என்று தெரிவது வேறு, உழைப்பைப் பிடுங்குவது வேறு.) எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவர் இருந்தார். பெற்றோராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், பிடித்த டீச்சர். இந்தப் பிள்ளை என்ன செய்தாலும் இவன் நம்ம பிள்ளை என்று விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ஆள்.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. பதினெட்டில் தடம் புரண்டவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டுவிட்டார்கள். சிலருக்கு சமுதாயக் கல்லூரிப் படிப்பு, சிலருக்கு ராணுவ வேலை, சிலருக்கு நல்ல வாழ்க்கைத் துணை, சிலருக்கு மதம். ப்ளஸ் டூ முடிவோடு வாழ்க்கையின் கணக்கை மூடிவிடும் நம்மூர்ப் பெரியவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

"ஒரு ஆள்தானே, ஏற்பாடு செய்துவிடலாம்" என்று உடனே தோன்றும். அமெரிக்காவில் அதைச் செய்தும் பார்த்தார்கள். 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பு, தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு அண்ணனையோ அக்காவையோ சேர்த்துவைக்கிறது. இதன் வேர் 1904-இல் நியூயார்க்கில். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு நகரங்களைச் சேர்ந்த 959 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். அண்ணன், அக்கா கிடைத்த பிள்ளைகள் போதைப் பழக்கத்தைத் தொடங்குவது 46 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறக்குறைய பாதி. அந்த அண்ணன்கள் பாடம் எதுவும் எடுக்கவில்லை. மாதத்தில் சில நாள் கூடச் சுற்றினார்கள், பேச்சைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அதே புள்ளிவிவரங்களை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் திரும்ப அலசி 2002-இல் எழுதினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் நல்ல பலன். சில மாதத்திலேயே அறுந்துபோன உறவுகளில் பலன் இல்லாதது மட்டும் இல்லை, பிள்ளை முன்பு இருந்ததைவிடச் சோர்ந்துபோனது. இவரும் போய்விட்டார், நம்மிடம்தான் ஏதோ குறை என்று பிள்ளை முடிவு கட்டிக்கொள்ளும்போல.

இதைப் படித்த பிறகு நம்மூர்ப் பள்ளிகளில் நடக்கும் தன்னம்பிக்கைக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு ஒரு பேச்சாளர் வருவார். இரண்டு மணி நேரம் சிரிக்க வைப்பார், கடைசிப் பத்து நிமிஷம் அம்மாவைப் பற்றிப் பேசி அழ வைப்பார். சால்வை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, கார். அடுத்த நாள் அந்த மைதானத்தில் அழுத பெண்ணிடம் "ஏன் அழுதாய்?" என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு முழு வருஷத்துக்கு லைப்ரரியைத் திறந்து வைத்து, அதில் பிள்ளைகளோடு பேசத் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கலாம்.

தமிழ்நாட்டில் நல்ல உதாரணமே இல்லையா என்றால், இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். தெருவில் குடியிருக்கும், படித்த ஒரு அக்கா, சாயங்காலம் அதே தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித்தருவார். கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, அந்த மீட்பில் சுமார் கால் பங்கு இந்தத் திட்டத்தால் என்று தெரிந்தது. அளந்தது படிப்பை மட்டும்தான். அந்த அக்கா யார் வீட்டில் நேற்று சண்டை, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று தெரிந்தவர் என்பதை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் அதுதான் பெரிய எண்ணாக வந்திருக்கும்.

2017-இல் மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியது நல்ல காரியம். ஃப்ளெக்ஸ் போர்டுகள் நின்றபாடில்லை, அது வேறு கதை. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கமும் போகவில்லை. படிப்பில் பின்தங்கிய பல பையன்களுக்குப் பள்ளியில் இருந்த ஒரே பெரிய மனுஷர் பி.டி. மாஸ்டர். அந்த ஒரு பீரியடையும் பிடுங்கினால் அவனுக்கு மிஞ்சுவது அவனுக்கு வராத ஆறு பீரியடுகள்!

எந்தப் பிள்ளைக்கு ஆள் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'மேக்கிங் கேரிங் காமன்' குழுவினர் பள்ளிகளுக்கு ஒரு எளிய வழி சொல்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் எல்லா மாணவர்களின் பெயரையும் வரிசையாக எழுதி ஒட்ட வேண்டும். எந்தப் பிள்ளையோடு தனக்கு நல்ல பழக்கம் இருக்கிறதோ அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பத்துப் புள்ளி விழும். முதல் மார்க் எடுப்பவர்களும், ரகளை செய்பவர்களும் எப்படியும் கண்ணில் பட்டுவிடுவார்கள். புள்ளியே விழாத பெயர்கள் சில இருக்கும். சத்தம் போடாமல் நடு பெஞ்சில் உட்கார்ந்து 60 மார்க் வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அந்தப் பெயர்களை ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக்கொண்டு, அந்த வருஷம் முழுக்க அந்தப் பிள்ளையோடு பேசுவது அவரவர் பொறுப்பு. செலவு ஒரு சார்ட் பேப்பர், நாலைந்து ஸ்கெட்ச் பேனா. வேலை முடிந்ததும் சார்ட்டை மறக்காமல் கழற்றிவிட வேண்டும். புள்ளி இல்லாத பையன் மறுநாள் காலையில் அறிவியல் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஸ்டாஃப் ரூமுக்கு வருவான்.