இராவணனைக் குற்றமற்றவன் ஆக்கலாமா?

நாயகன் நல்லவன், அவனை எதிர்ப்பவன் தீயவன் என்னும் கணக்கு எளியது. குழந்தைகளுக்குக் கதை சொல்லுவதற்கு அது போதும். ஆயின், வளர்ந்தோரின் இலக்கியம் இக்கணக்கில் அடங்குவதில்லை. குற்றமும் பெருமையும் ஒரே நெஞ்சிற் குடியிருக்கும் ஒருவனைக் கதையின் நடுவில் நிறுத்தி, இவனை வெறுப்பதா, இவனுக்காக இரங்குவதா என்று படிப்பவனையே திகைக்க வைக்கும் இலக்கியமும் உண்டு. அத்தகையவனையே எதிர்நாயகன் என்கிறோம். நாயகனோடு போர் புரியும் பகைவனை இச்சொல் குறிப்பதன்று. நாயகனுக்குரிய இடத்தில் நின்றுகொண்டே நாயகனுக்குரிய இலக்கணத்தை மறுப்பவனை அது குறிக்கிறது. ருஷிய ஆசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1864இல் எழுதிய 'நிலவறைக் குறிப்புகள்' என்னும் நூலின் கதைசொல்லி, நாயகனுக்கு ஒவ்வாத குணங்களெல்லாம் தன்னிடமே திரண்டிருப்பதாகத் தானே ஒப்புக்கொள்கிறான்.

சொல் மேற்கிலிருந்து வந்ததுதான். பொருளோ நமக்குப் புதியதன்று. கந்தளாயிலிருந்து திருகோணமலைக் கோணேசர் குன்றுவரையுள்ள ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நிலப்பரப்பில் வழங்கும் கதைகளே அதற்குச் சான்று.

இரு கதைத் தலைவர்கள்

இம்மண்ணின் ஐதிகங்களில் இருவர் முதன்மையானவர்கள். ஒருவன் குளக்கோட்டன். கோணேசர் கோயிலைத் திருத்தி, அதன் வயல்களுக்கு நீர் பாயக் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தவன் என்று கோணேசர் கல்வெட்டு அவனைப் போற்றுகிறது. அக்குளத்தையே 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனின் பணியாகச் சிங்கள மரபு கொள்கிறது. கட்டியவன் எவனாயினும், இரு மரபிலும் அவன் குறையற்ற அறச்செயலோன். அவனை வணங்கலாம், அவன் பேரால் உரிமை கோரலாம். அவனைப்பற்றிச் சிந்திப்பதற்கு அதிகம் இல்லை.

மற்றவன் இராவணன். தன் தாய் வழிபடுவதற்காகக் கோணேசர் கோயிலையே பெயர்த்துச் செல்ல முனைந்து மலையை வெட்டினான் என்பர். அந்தப் பிளவு இன்றும் இராவணன் வெட்டு எனப்படுகிறது. அம்முயற்சியின்போது தாய் இறந்த செய்தி கேட்டு, அவளுக்கு இறுதிக்கடன் செய்த இடமே கன்னியா வெந்நீரூற்று என்பர். அங்கே கிணறுகள் ஏழு. தெய்வத்தின் இருப்பிடத்தைப் பிளக்கும் செருக்கும், தாய்க்காக உருகும் பாசமும் ஒரே மனிதனிடத்தில்! குளக்கோட்டன் கதை ஒரு குளத்தோடு நிறைவுறுகிறது. இராவணன் கதையோ இன்னும் முடிந்தபாடில்லை.

திருஞானசம்பந்தரின் பதிகங்களைப் பயின்றோர் ஓர் அமைப்பினை அறிவர். பெரும்பாலானவற்றின் எட்டாம் பாடலில் இராவணன் வருவான். கயிலையைப் பெயர்க்க முயன்றது, இறைவனின் விரலால் நெரிபட்டது, பின் அருள் பெற்றது ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து நிற்கும். கோணமலைப் பதிகமும் இதற்கு விலக்கன்று. அருள் பெற்றான் என்பதற்காகக் குற்றம் மறைக்கப்படவில்லை. குற்றம் செய்தான் என்பதற்காக அருள் மறுக்கப்படவுமில்லை. கம்பனும் இந்நெறியிற் பிழையாதவன். இசையும் வீரமும் சிவபத்தியும் நிறைந்த ஒருவன் தன் ஆசை ஒன்றினால் அழிவதைக் காட்டுவதாலேயே அவன் காவியத்தில் இலங்கை வேந்தன் அத்துணை உயர்ந்து நிற்கிறான்.

கழுவித் துடைத்த இராவணன்

இந்நூற்றாண்டில் நிகழ்வது வேறு. 2019இல் இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானில் உருவாக்கிய, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள சிறு செய்மதி விண்ணுக்கு அனுப்பப்பட்டது. அதன் பெயர் 'இராவணா-1'. 2020 யூலையில் நாட்டின் சிவில் விமான சேவைகள் அதிகார சபை, இராவணனின் விமானப் பயணம் பற்றிய பழைய ஏடுகளும் நூல்களும் இருப்பின் தருமாறு பொதுமக்களுக்கு அறிவித்தல் விடுத்தது. மகாவமிசம் தலைவனாகக் கொண்டாடாத இராவணன், சிங்கள மக்களில் ஒரு சாராருக்குப் பழம்பெரும் அறிஞனாகவும் பேரரசனாகவும் ஆகிவிட்டான். கன்னியாவிலோ இடத்தின் உரிமைபற்றிய பிணக்கு 2019இல் நீதிமன்றம் வரை சென்றது.

தமிழர் பக்கத்திலும் இக்கழுவுதல் முன்னரே நிகழ்ந்ததுதான். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்தது; 1948இல் சென்னை அரசு அதனைத் தடை செய்தது; தடை 1971இலேயே நீங்கியது. அரக்கர் என்று இழிக்கப்பட்டோரின் மானத்தை மீட்க எழுந்த நூல் அது. அந்நோக்கத்தின் நியாயத்தை மறுப்பதற்கில்லை; அதனைத் தடை செய்த அரசின் செயலை நியாயப்படுத்தவும் இயலாது. எனினும், குற்றம் அனைத்தும் மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டபின் எஞ்சுவது எதிர்நாயகன் அல்லன். பக்கம் மாறிய பழைய நாயகனே. ஒருவனை அரக்கனாக்குவதும் அவதாரமாக்குவதும் அவனை மனிதனாகக் காண மறுப்பதில் ஒன்றே.

திரையிலும் அதுவே

திரைப்படத்தை நோக்கின் இம்மாற்றம் இன்னும் தெளிவாகும். 1954இல் வெளிவந்த 'இரத்தக்கண்ணீர்' படத்தில் எம். ஆர். இராதா ஏற்ற மோகனசுந்தரம், மேல்நாடு சென்று திரும்பிய செல்வன். தாயை மதியாதவன், மனைவியைப் புறக்கணித்தவன். அவன் குத்தல் பேச்சுக்குக் கொட்டகையே சிரித்தது. தொழுநோயால் அவன் உருக்குலைந்தபோது அதே கொட்டகை அதிர்ந்தது. அவ்வாண்டிலேயே வந்த 'அந்த நாள்' படத்தில், சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் நாட்டைக் காட்டிக்கொடுப்பவன். சுவைஞனின் கவர்ச்சியும் கண்டனமும் அப்படங்களில் ஒருங்கே எழுந்தன.

2011இல் வந்த 'மங்காத்தா' படத்திலோ, பணத்துக்காகக் கூட்டாளிகளையே கொல்லத் துணியும் காவல் அதிகாரி இறுதியில் பணத்தோடு தப்பிவிடுகிறான். கொட்டகை சீழ்க்கை அடிக்கிறது. நேர்மையாக வாழ்வோர் நாள்தோறும் தோற்பதைக் காணும் மக்கள், விதிகளை மீறி வெல்பவனைத் திரையிலேனும் காண விரும்புவது வியப்பன்று. ஆனால், அக்கொலைகளால் எவர் எதை இழந்தனர் என்ற கேள்வி பின்னணி இசையில் மூழ்கிவிடுகிறது. நட்சத்திரத்தின் ஒளி எதிர்நாயகனின் நிழலை விழுங்கிவிடுகிறது எனலாம்.

நமக்கு இது ஏன் வேண்டும்?

இது வெறும் இலக்கியத் தகராறன்று. 2009இல் ஓய்ந்த போருக்குப்பின் இந்நாட்டின் ஒவ்வோர் இனத்தாரிடமும் வீரமும் கொடுமையும் சேர்ந்த மனிதர்களின் நினைவு இருக்கிறது. தம்மவன் தவறே செய்யாதவன் என்று ஒவ்வொருவரும் சாதித்தால், இறந்தோரைப்பற்றி உண்மை பேச எவருக்கும் வழியிராது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் திருகோணமலை மாவட்டத்தில் இக்கேள்வி ஏட்டுக்கேள்வி அன்று. அயலவன் முகத்தில் எழுதப்பட்ட கேள்வி.

ஈழத்து எழுத்தாளர் சிலர் இப்பணியை ஏற்றிருக்கின்றனர். எஸ். பொன்னுத்துரையின் 'தீ' (1961), தன் இச்சைகளை மறையாது கூறும் ஒருவனை நாயகனாக்கிக் கண்டனங்களை ஏற்றது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001), ஊர்ச்சண்டியரான தந்தையின் பட்டப்பெயரைச் சுமந்து இயக்கத்திற் சேர்ந்து, அங்கிருந்தும் துரத்தப்பட்டுப் பாரிஸில் அகதியாகும் ஒருவனைக் காட்டுகிறது. அவன் தியாகியுமல்லன், துரோகியுமல்லன். 2015இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருது பெற்ற 'தீபன்' படத்தில் அதே ஷோபாசக்தி நடித்த பாத்திரமும் பொய்ப் பெயரும் பொய்க் குடும்பமும் கொண்டு தப்பிவந்த முன்னாள் போராளியே. இவர்களை வணங்கும்படி எவரும் நம்மைக் கேட்கவில்லை. அறியும்படி மட்டுமே கேட்கின்றனர்.

விண்வெளிக்கு இராவணன் பெயரை அனுப்புவது எளிது. கோணமலையில் அவன் வெட்டிய பிளவையும் கன்னியாவில் அவன் செய்த கடனையும் ஒருசேர நினைப்பது அரிது. சம்பந்தர் ஒரு பாட்டுக்குள் செய்து காட்டியதை நாம் நம் காலத்து மனிதருக்கும் செய்யக் கற்றோமாயின், நாவல்களும் திரைப்படங்களும் மட்டுமல்ல, நம் பேச்சும் சற்று முதிர்ச்சி பெறும்.