மணலும் சேறும் சொல்லும் சாட்சி

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் ஏற்பட்டுப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அச்சமயம் தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணத்திலிருந்த காந்தியார், திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமைப் பாவத்துக்கும் இதற்கும் சம்பந்தமுண்டு என்றார். கவி தாகூரே இதை மறுத்து எழுத வேண்டியதாயிற்று. தீண்டாமை ஒழியவேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஆட்சேபணை இல்லை. ஆனால், அந்தப் பாவத்தைச் செய்தவனோடு, அதனால் மிதிபட்டவனின் குடிசையையும் சேர்த்துப் புதைப்பது என்ன நீதி என்றுதான் கேட்கின்றோம்.

நிற்க, அன்று வட பீகாரில் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு வீடுகள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போயின. பூமி வெடித்து மணலும் நீரும் பீறிட்டு, வயல்களையும் கிணறுகளையும் மூடின. பூகம்பம் பிறந்த இடமோ எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே, மலைப் பகுதியில் என்று பிற்கால ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, தூரத்திலுள்ள சமவெளி அமிழ்வானேன்? பாவிகளெல்லாம் அங்கேயே குடியிருந்தார்களா? அங்கே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய இறுகாத மணலும், அதனுள் நிறைந்த நீரும் இருந்தன என்பதே காரணம்.

மரக்காலில் நெல்லைக் கொட்டித் தட்டினால் நெல் இறங்கி இறுகுவதைக் கிராமத்துத் தோழர்கள் அறிவார்கள். பூமி குலுங்கும்போது மணலும் அப்படியே இறுகப் பார்க்கிறது. இடையிலுள்ள நீரோ உடனே வெளியேற வழியில்லாமல் நெருக்கப்படுகிறது. மேலுள்ள பாரத்தை மணல் தாங்காமல் நீர் தாங்க நேரிடுகிறது. மணல் கஞ்சிபோலாகி, மேலுள்ள களிமண்ணைப் பிளந்துகொண்டு கிளம்புகிறது. 2001-இல் கட்சு பூகம்பத்தின்போது இப்படி நீர் கிளம்பியதைப் பார்த்துத்தான், மறைந்த சரஸ்வதி நதி திரும்பிவிட்டது என்று பேசினார்கள்!

இந்தக் கலக்கம் மண்ணில் அழியாமல் நிற்கும். பள்ளம் வெட்டிப் பார்த்தால், களிமண்ணை ஊடுருவிய மணல் சுவர்களும், தீநாக்குப்போல் மேலெழுந்த சேறும், பாய்போல் சுருண்ட அடுக்குகளும் தெரியும். அவற்றின்மேல் கலையாத அடுக்கு ஒன்று படுத்திருந்தால், கலக்கம் அதற்கு முந்தியது என்று அர்த்தம். அடுக்கிலுள்ள கரித்துண்டைக் கொண்டு காலத்தையும் கணக்கிடலாம். எந்தப் புராணம் இவ்வளவு யோக்கியமாகச் சாட்சி சொல்லும்?

ஆனால் சுருண்ட மண்ணையெல்லாம் பூகம்பம் என்று சொல்லிவிடுவதும் பகுத்தறிவாகாது. இளகிய சேற்றின்மேல் வெள்ளம் திடீரென மணலைக் கொட்டினாலும், அலை அடித்தாலும், கரை சரிந்தாலும் அதே மாதிரி உண்டாகும். ஒரே காலத்தைச் சேர்ந்த அடையாளம் பல இடங்களில் பரந்து கிடக்கிறதா என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

இது நமக்கு எதற்கு என்று தாம்பரத்துத் தோழர்கள் கேட்கலாம். தாம்பரம், பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. கிழக்கே பள்ளிக்கரணையில் சதுப்புக் களிமண். அதற்கும் கிழக்கே கடலோர மணல். பாறை குழம்பாது, களிமண் பாரத்தால் மெள்ள மெள்ள அமிழும், இறுகாத மணலில் நீர் நின்றால் குலுக்கலில் குழம்பலாம். சென்னையைப் பூகம்ப அபாய வரிசையில் 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-ஆம் மண்டலத்துக்கு 2002-இல் உயர்த்தியதும் கவனிக்கத்தக்கது.

இப்படியிருக்க, ஏரியைத் தூர்த்த மனையை வாங்கி வீடு கட்டுகிறவர் முதலில் யாரைத் தேடுகிறார்? வாஸ்துக்காரரை! வாசற்படி எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று கேட்டுப் பணம் கொடுக்கிறார். பூமி பூஜைக்கும் தட்சணை கொடுக்கிறார். துளை போட்டு மண்ணைச் சோதிக்கச் சொன்னால் மட்டும் தண்டச் செலவு என்கிறார். ஈசான்ய மூலை அறியுமா கீழே இருப்பது களியா, மணலா என்று?

ஆகவே தோழர்களே! மந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தை மண் சோதனைக்குக் கொடுங்கள். மனை விற்பவனிடம் முன்பு அது ஏரியா, சதுப்பா, மேட்டு நிலமா என்று கேளுங்கள். சோதிக்காமல் மாடி மாடியாக அடுக்கி விற்பவனை, இதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேளுங்கள். இடிந்து விழுந்த பிறகு விதி என்பது, குற்றவாளியைத் தப்பவிடுவதற்கே உதவும்.